ஒரேயொரு ஆண் வண்டு

அந்த வண்டை முதலில் பார்த்தபோது ஏதோ பூச்சியின் உடைந்த துண்டு என்று நினைத்து ஊசியால் ஓரமாகத் தள்ளிவிட்டேன். நாலு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். உடம்பு கறுப்பு, கால்கள் மட்டும் தேன் நிறம். முதுகை மூடியிருக்கவேண்டிய ஓடு பாதியிலேயே நின்றுபோய், வயிறு கட்டம் கட்டமாக வெளியே தெரிந்தது. ரோவ் வண்டுகள் என்கிற பெரிய குடும்பத்தில் எல்லாமே இப்படித்தான் இருக்கும், வளர்ந்த பிள்ளைக்குப் போன வருடத்துச் சட்டையை மாட்டிவிட்டதுபோல. தள்ளிவிட்டதைத் திரும்ப இழுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். அப்படி ஒன்றை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அது மலை உச்சியில் இருக்கும் புல்வெளியிலிருந்து வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் ஆராய்ச்சி மாணவியாக அங்கே சாணி வண்டுகளைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் கப்புகளை விளிம்பு தரையோடு சமமாக இருக்கும்படி புதைத்து, அடியில் கொஞ்சம் உப்புத்தண்ணீர் ஊற்றி வைப்போம். நடந்து வருகிற பூச்சி தவறி உள்ளே விழும், ஏறிப் போக முடியாது. எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஸ்பிரிட் பாட்டில்களில் போட்டு மூடி வைத்திருந்தேன். பட்டம் வாங்கி, ஒரு கல்லூரியில் ஒரு வருடம் கௌரவ விரிவுரையாளராக இருந்து, அம்மா இறந்தபின் அப்பாவைப் பார்த்துக்கொள்ள சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது அந்தப் பாட்டில்களும் என்னோடு வந்தன. மூன்று மாதம் இருந்தால் போதும் என்று நினைத்து வந்தேன். மூன்றாவது வருடத்தில்தான் பாட்டில்களைத் திறந்தேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

அப்பா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்தில் அவர் கால் படாத வயல் குறைவு. மறதி நோய் வந்தபிறகு வேலை மட்டும்தான் அவருக்கு நினைவில் மிஞ்சியது. காலையில் எழுந்தவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "சங்கிலி எங்க? நேரமாச்சு" என்பார். நிலம் அளக்கிற சங்கிலியைக் கேட்கிறார். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டார். அதன்பின் வாசல் கதவை உள்பக்கமாகப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்து நான் கழுத்தில் போட்டுக்கொண்டேன். காய்கறி வாங்க, பால் வாங்க மட்டும் திறப்பேன். பூட்டியது அவருக்காகத்தான். ஆனால் பூட்டுக்கு உள்ளே நானும் இருந்தேன். தெருவில் யாராவது சிரித்துப் பேசிக்கொண்டு போனால் ஜன்னலில் நின்று அவர்கள் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஜன்னலிலிருந்து மேற்கே அந்த மலையும் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் அதன் முகடுகூடத் தெரியும். மலை தெரியும் பக்கம் மட்டும் நான் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தேன்.

பாட்டில்களிலிருந்து அந்த வண்டு மொத்தம் நாலு கிடைத்தது. மூன்று பெண், ஒன்று ஆண். இந்த வகையில் பெண்களெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். புதிய இனம் என்று சொல்லவேண்டுமானால் ஆணின் வயிற்று நுனிக்குள் மறைந்திருக்கும் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து அதன் வடிவத்தைப் பார்க்கவேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி மாதிரி, இனத்துக்கு இனம் அது மாறும். என் வழிகாட்டியான பேராசிரியைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் அன்றைக்கே போன் செய்தார்.

"இது புதுசாத்தான் இருக்கும்னு தோணுது. ஆனா அவசரப்படாதே. ஆண் ஒண்ணுதான் இருக்கு. கை நடுங்காத நாளாப் பாத்து செய்."

கை நடுங்கவில்லை, வீடுதான் நடுங்கியது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஆறு விசைத்தறி போட்டுச் சேலை நெய்கிறார். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இடையில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் நிற்கும், அவ்வளவுதான். சுவர் வழியாக அந்த அதிர்வு மாடியில் இருக்கும் என் மேசைக்கு வந்துவிடும். சும்மா பார்ப்பதற்குப் பரவாயில்லை. ஊசி முனையால் ஒரு எள்ளில் பாதி அளவு உறுப்பைக் கிழிக்காமல் எடுப்பதற்கும், அதைப் பார்த்து வரைவதற்கும் முடியாது. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக ஊர் முழுக்கக் கரண்ட் நிறுத்துவார்கள். அன்றைக்குத்தான் தறி ஓடாது. என்னிடம் இருந்தது ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழைய நுண்ணோக்கி. கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தால் போதும், கரண்ட் வேண்டாம். மற்றவர்கள் வியர்த்துக்கொண்டு விசிறியைத் தேடும் அந்த நாளுக்காக நான் மாதம் முழுக்கக் காத்திருப்பேன்.

வைகாசியில் ஒரு ஷட்டவுன் நாள். முந்தின நாளே வண்டை வெந்நீரில் ஊறவைத்திருந்தேன். காலை ஒன்பதரைக்குத் தறிகள் நின்றன. அப்பாவுக்கு இட்லி கொடுத்து, கீழே கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து, பழைய வரைபடம் ஒன்றைக் கையில் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டால் ஒருமணி நேரம் பேசாமல் இருப்பார். பத்தே முக்காலுக்கு உறுப்பு முழுசாக வெளியே வந்தது. கிளிசரின் சொட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடினேன். நுனியில் கொக்கி மாதிரி வளைந்து, பக்கத்தில் ஒரு சிறு பல் இருந்தது. என்னிடம் இருந்த எந்தப் படத்திலும் அந்தப் பல் கிடையாது. வண்டின் உடம்பை அட்டையில் பசை வைத்து ஒட்டி மேசையில் காயவைத்தேன். மாதக்கணக்கில் அப்படிச் சந்தோஷமாக இருந்த ஞாபகம் எனக்கு இல்லை.

அப்போது கேஸ் சிலிண்டர் வந்தது. கீழே போய்க் கதவைத் திறந்து, சிலிண்டரை அடுக்களையில் வைக்கச் சொல்லி, அந்த ஆளை அனுப்பினேன். மனசெல்லாம் மாடியில் இருந்தது. கதவைச் சாத்தினேன், பூட்டினேனா என்று கேட்டால் தெரியாது. மேலே வந்து வரைய உட்கார்ந்தேன். வளைவை மட்டும் மூன்று தடவை வரைந்து அழித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. தறி நின்றதால் வரும் அமைதி என்றுதான் முதலில் நினைத்தேன்.

கீழே ஓடினேன். நாற்காலியில் வரைபடம் மட்டும் இருந்தது. கதவு திறந்து கிடந்தது.

நான் எழுந்த வேகத்தில் மேசை சுவரில் இடித்து நின்றது எனக்கு அப்போது தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி தறி நின்றதால் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவப் பாத்தியளா அண்ணாச்சி?"

"இல்லையேம்மா. நான் இப்பத்தான் வெளிய வந்தேன். நீ இரு, வண்டிய எடுத்துட்டு வாரேன்."

பஸ் ஸ்டாண்டில் இல்லை. பூ மார்க்கெட்டில் இல்லை. கோயில் முன்னால் இல்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அப்பா செருப்பில்லாமல் போயிருந்தார். பன்னிரண்டரைக்கு ஒரு தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அப்பாவின் சட்டைப்பை உள்பக்கம் என் நம்பரை எழுதித் தைத்து வைத்திருந்தேன்.

"இங்கன கரிவலத்துல இருந்து பேசுதேன். பஸ்ஸுல வந்து எறங்குன பெரியவர் ஒருத்தர் நம்ம வரப்புல நிக்காரு. கூப்பிட்டா வரமாட்டேங்காரு. வேல இருக்குங்காரு."

அண்ணாச்சியின் பைக்கில் கரிவலம்வந்தநல்லூர் போனோம். ரோட்டிலிருந்து இரண்டு வயல் தள்ளி, அறுத்துப்போட்ட தரிசில் அப்பா நடந்துகொண்டிருந்தார். ஒரே அளவாக எட்டு எடுத்துவைத்து, முனை வந்ததும் நின்று, இல்லாத சங்கிலியை இழுத்து மடக்கி, திரும்பி நடந்தார். பாதம் கொப்பளித்திருந்தது. அந்த வயல்காரர் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே நடந்தார்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"வடக்கு எல்லை முடியல" என்றார் அப்பா. என்னைப் பார்க்கவே இல்லை. வடக்கு எல்லை முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் வெயிலில் நின்றோம். பிறகு அவராகவே வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, கால் கழுவி, மருந்து போட்டு, சோறு கொடுத்து, மாடிக்கு ஏறும்போது மணி மூன்றரை. சிற்றெறும்புகள் சுவரிலிருந்து மேசைக்கு ஒரு கோடு போட்டிருந்தன. பூச்சிகளை வைக்கிற மேசை என்பதால் அதன் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருப்பேன். சுவரில் இடித்து நின்ற மேசைக்குக் கிண்ணம் இருந்து என்ன. அட்டையில் பசை மட்டும் இருந்தது. ஒரு காலும் அரை உணர்கொம்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடித் துண்டுக்குக் கீழே இருந்த உறுப்பு மட்டும் தப்பியிருந்தது. உடம்பில்லாத உறுப்பை வைத்து ஒரு இனத்தை விவரிக்க முடியாது. உலகத்தில் யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்கும்படி முழு வண்டு ஒன்று காப்பகத்தில் இருக்கவேண்டும்.

அதற்குப்பிறகு நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. கீழே வந்தேன். அப்பா மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். "சங்கிலி எங்க?" என்றார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவருடைய அறைக்குள் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பிறகு கூடத்தில் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து கதவை மெதுவாகத் தட்டினார். கோபமான தட்டல் இல்லை.

"சார், வெளிய யாராவது இருக்கியளா? கதவு தவறிப் பூட்டிக்கிட்டு. கொஞ்சம் தொறந்து விடுதியளா?"

நான் அசையவில்லை. ஆபீசில் புதிதாக வந்தவர் மாதிரி, அதே மரியாதையோடு, விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். கரண்ட் வந்து தறிகள் ஓட ஆரம்பித்ததும் அவர் குரல் கேட்கவில்லை. அப்புறம்தான் திறந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "ரொம்ப நன்றி சார்" என்றார்.

அந்த வாரம் மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஒரு வாரம் வந்து அப்பாகூட இருண்ணே. நான் மலைக்குப் போயிட்டு வந்துருதேன்."

"லீவு கெடைக்காதுட்டி. நான் சொல்லுதத கேளு, நல்ல முதியோர் ஹோமாப் பாத்துச் சேத்துருவோம்."

"கதவப் பூட்டுனா கதவத் தட்டிக்கிட்டே இருப்பாரு. ஹோம்ல யாரு தொறப்பா?"

"ஒரு பூச்சிக்காகவா இவ்வளவு?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டான். போனை வைத்தபிறகு, பூச்சிக்காக மட்டும் இல்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

வழி வேறு இடத்திலிருந்து வந்தது. மலையில் எங்களோடு வேலை செய்த வனத்துறை வாட்சர் ஒருவர் உண்டு. காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். பேராசிரியையின் புதிய திட்டத்திலும் அவர் பெயர் இருந்தது, அனுமதியும் இருந்தது. கப்பு புதைத்த இடங்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று கேட்க அவருக்குப் போன் செய்தேன். நான் வரமுடியாது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க வந்துதான் ஆகணுமா டீச்சர்? கப்பு நானே வைக்கேன். எந்த எடம்?"

"ரெண்டாவது ஓடைக்கு மேல, அந்தச் சாஞ்ச பாறைக்குத் தெக்க."

"அந்தப் புல்லு போன கோடையில எரிஞ்சுபோச்சு. பாறைக்கு வடக்க எரியல. அங்கன வைக்கட்டுமா?"

வைக்கச் சொன்னேன். ஆனியிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை அவர் பாட்டில்களோடு வாசுதேவநல்லூருக்கு இறங்கி வருவார். நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு புளியங்குடியில் பஸ் மாறிப் போவேன். அப்பாவின் ஒரு கையை விடாமல் பிடித்திருப்பேன். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து குளங்களையும் வரப்புகளையும் பார்த்துக்கொண்டே வருவார், எழுந்திருக்கமாட்டார். வாசுதேவநல்லூரில் இறங்கினால் மலை தலைக்கு மேலே நிற்கும். உச்சியில் மேகம் படுத்திருக்கும். வாட்சர் டீக்கடை பெஞ்சில் காத்திருப்பார். அவர் சட்டையில் ஈரப்புல் வாசனை அடிக்கும். ஒருதடவை நான் அவரை விட்டு விலகி உட்கார்ந்தேன். அந்த வாசனையைத் தாங்கமுடியவில்லை.

"மேல குளிரா?" என்று கேட்டேன்.

"காத்து ஆள நிக்க விடமாட்டேங்கு. நீங்க ஒக்காந்து எழுதுவீங்கள்ல, அந்தப் பாறை, அதுல ஏறவே முடியல."

அரைமணி நேரத்தில் திரும்பும் பஸ் வந்துவிடும். எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அப்பாவோடு வெளியே இறங்க பயந்து ஒருதடவை போகவில்லை. அந்த முறை வாட்சர் பாட்டிலைக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நாலு தவணையில் வந்த பாட்டில்களில் பெண் வண்டுகள் ஏழு கிடைத்தன. ஆண் இல்லை. கடையில் கிடந்த அந்தப் பாட்டிலைப் பிறகு போய் வாங்கிவந்து ஆவணி முதல் வாரத்தில் தட்டில் கொட்டினேன். சிலந்தி, எறும்பு, புல் விதை, சேறு. நடுவில் கறுப்பாக இரண்டு. வயிற்று நுனியைப் பார்த்தேன். இரண்டுமே ஆண். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அடுத்த ஷட்டவுன் நாளில், அண்ணாச்சி வீட்டு அக்காவை அப்பாவோடு உட்காரச் சொல்லிவிட்டு, ஒன்றைத் திறந்தேன். அதே கொக்கி, பக்கத்தில் அதே சிறு பல். தப்பிய பழைய உறுப்பையும் புதியதையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை.

விவரணை எழுதுவது கவிதை எழுதுவதற்கு நேர் எதிரான வேலை. தலை நீளத்தைவிட அகலம் எவ்வளவு, முதுகில் புள்ளிகள் எத்தனை வரிசை, எந்தக் கணுவில் எத்தனை முடி. அழகாக இருக்கிறது என்று எழுதக்கூடாது. குட்டை ஓட்டைத் தூக்கி அடியில் இறக்கையைத் தேடியபோது ஒரு சிறிய மொட்டு மட்டும்தான் இருந்தது. காற்று அதிகமான மலை உச்சிகளில் பல வண்டுகள் இப்படிப் பறப்பதை விட்டுவிடும். "இறக்கை வளர்ச்சியற்றது" என்று ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதிவிட்டு அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டேன்.

லேபிளில் சேகரித்தவர் என்ற இடத்தில் வாட்சரின் பெயரைப் போட்டேன். போனில் சொன்னபோது, "என் பேரு எதுக்கு டீச்சர், கப்புதான புடிச்சது" என்றார். பெயர் வைப்பதில்தான் பிரச்சினை வந்தது. விஷயம் தெரிந்து அண்ணன் கூப்பிட்டான்.

"அப்பா பேர வச்சிரேன். எல்லாருக்கும் சந்தோசமா இருக்கும்."

ஒருவாரம் யோசித்தேன். அப்பா பெயரை வைத்தால், நான் இந்த வீட்டுக்குள் இருந்த வருடங்களுக்கெல்லாம் ஒரு நல்ல அர்த்தம் வந்துவிடும். பார்க்கிறவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கு அந்த அர்த்தம் வேண்டியிருக்கவில்லை. புல்லில் வாழ்வது என்று பொருள் வருகிற லத்தீன் சொல்லை வைத்தேன். அண்ணன் இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை.

கட்டுரை இரண்டு தடவை திருத்தத்துக்குத் திரும்பி வந்து, பிறகு ஏற்கப்பட்டது. காப்பகத்தில் வைக்கவேண்டிய மூல மாதிரி வண்டைத் தபாலில் அனுப்ப பயமாக இருந்ததால் பேராசிரியையே ஒரு கருத்தரங்குக்கு வந்த வழியில் வீட்டுக்கு வந்தார். நான் மாடியைக் காட்டினேன். கிண்ணத்தில் நிற்கும் மேசையையும் பழைய நுண்ணோக்கியையும் பார்த்துவிட்டு, சுவரில் கைவைத்துத் தறியின் அதிர்வைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்க உக்காந்தா இதைச் செஞ்சே?"

சாயங்காலம் அப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனேன். சிறிய பெட்டியில் பஞ்சு சுற்றி வண்டு அவர் மடியில் இருந்தது. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்.

"என் லேபுல மூணு வருஷத்துக்கு ஒரு எடம் இருக்கு. மலைப் புல்வெளி மட்டும்தான் வேலை. உனக்காகத்தான் அடுத்த மாசம் வரைக்கும் வச்சிருக்கேன்."

"என்னால வரமுடியாது மேடம்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிட்டுத்தான் இருக்கேன், மூணு வருஷமா."

அவர் என் கையைப் பிடித்தார். ரயில் வந்தது. பெட்டியைத் தூக்கி நான்தான் அவர் கையில் கொடுத்தேன். ரயில் போனபிறகு வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை முடிந்தால் கோபமும் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது அப்படியே இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் அப்பா தறிக்கூடத்தின் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"எங்க போயிட்ட? எவ்வளவு நேரமாத் தேடுதேன்" என்றார்.

மாதக்கணக்கில் அவர் என்னைப் பார்த்து அப்படிப் பேசியதில்லை. அம்மாவைத்தான் கேட்டாரா, என்னையா, ஆபீசில் யாரையாவதா என்று நான் விசாரிக்கவில்லை. "ரயிலடிக்குப் போனேன்பா" என்றேன். வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு பிசைந்து கொடுத்தேன். முழுசாகச் சாப்பிட்டார்.